சின்னக் குழுவுக்குச் சொந்த ஜெர்சி: எந்த வழி கட்டுப்படியாகும்?

சைக்கிள் குழு ஒன்று ஆரம்பித்து ஆறேழு மாதம் தாக்குப்பிடித்துவிட்டால், அடுத்த பேச்சு ஜெர்சியைப் பற்றித்தான் இருக்கும். ஒரே நிறத்தில் பத்துப் பேர் வரிசையாகப் போவது கண்ணுக்கு அழகு. அதைவிட முக்கியம், பின்னால் வருகிற வண்டிக்காரருக்கு இது ஒரு கூட்டம் என்று தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. பின்தங்கியவரைத் தேடிப் பிடிப்பதும் சுலபமாகிறது. ஆனால் விலை விசாரிக்கத் தொடங்கினால் குழப்பம்தான். ஒருவர் ஐம்பது சட்டைக்குக் குறைந்து எடுக்கவே மாட்டேன் என்பார். இன்னொருவர் ஒன்றே ஒன்று என்றாலும் அடித்துத் தருகிறேன் என்பார். இருவர் சொல்லும் விலைக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

எங்கள் குழுவில் 11 பேர். இதுவரை இரண்டு முறை ஜெர்சி அடித்திருக்கிறோம். முதல் முறை செலவு குறைவு; ஆனால் ஒரே வருடத்தில் எல்லாரும் அதைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது முறை அடித்தது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு அனுபவத்திலும் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சின்னக் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அடுத்த வருடம் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் அவருக்கு ஒரே ஒரு சட்டை எப்படிக் கிடைக்கும்?" என்பது. இதற்குப் பதில் இல்லாத வழி இன்று எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் பின்னால் கையைக் கடிக்கும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், சைக்கிள் ஜெர்சி சாதாரண விளையாட்டுச் சட்டையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துவிடலாம். ஹேண்டிலைப் பிடித்துக் குனியும்போது முதுகு நீள்கிறது, வயிறு மடிகிறது. அதனால் ஜெர்சியின் பின்பக்கம் நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் வெட்டப்பட்டிருக்கும். முதுகின் கீழே மூன்று பாக்கெட். ஓடும்போதே கையைப் பின்னால் விட்டு எடுக்க வேண்டும் என்பதற்காக அந்த இடம். கீழ் விளிம்பில் எலாஸ்டிக்கோ சிலிக்கான் பட்டையோ இருக்கும். அது இல்லாவிட்டால் பாக்கெட்டில் போனும் ட்யூபும் ஏறியதும் சட்டை மெல்ல மேலே ஏறும், இல்லையேல் பக்கவாட்டில் சரிந்து தொங்கும். முன்னால் ஜிப், ஏற்றத்தில் திறந்துவிட. விலையில் பாதி வித்தியாசம் இந்தத் தையல் வேலைகளில்தான் இருக்கிறது. பிரிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை சொதப்பினால் சட்டை அலமாரியை விட்டு வெளியே வராது.

அச்சிடும் முறைகள்

இன்று விற்கும் சைக்கிள் ஜெர்சிகளில் பெரும்பாலானவை சப்ளிமேஷன் முறையில் அச்சிடப்பட்டவை. பள்ளியில் கற்பூரத்தை உதாரணம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, பதங்கமாதல், அதுவேதான். டிசைனை முதலில் ஒரு காகிதத்தில் தனிவகைச் சாயத்தால் அச்சிடுவார்கள். அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்துவார்கள். சாயம் உருகாமல் நேரே ஆவியாகி, சூட்டில் இளகி நிற்கும் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்ளும். ஆறியதும் அங்கேயே சிறைப்பட்டுவிடும். துணிக்கு மேல் எந்தப் படலமும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். விரலால் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றுபோலவே இருக்கும். வியர்வை தடையில்லாமல் வெளியேறும், உரியாது, வெடிக்காது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. துணி பாலியஸ்டராக இருக்க வேண்டும். பருத்தியில் இந்தச் சாயம் நிற்காது. அப்புறம், துணி வெள்ளையாக இருக்க வேண்டும். சப்ளிமேஷனில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. டிசைனில் வெள்ளை எங்கே வேண்டுமோ அங்கே அச்சிடாமல் விடுவார்கள், அவ்வளவுதான். "என்னிடம் கறுப்புச் சட்டை இருக்கிறது, அதில் சப்ளிமேஷனில் லோகோ அடித்துக் கொடுங்கள்" என்று கேட்டால் நடக்காத காரியம். நிறத்துக்கோ வடிவத்துக்கோ தனிக்கணக்கு கிடையாது. ஒரே நிறம் என்றாலும் நாற்பது நிறம் என்றாலும் செலவு ஒன்றுதான். ஒவ்வொரு சட்டையிலும் வேறு பெயர், வேறு எண் போடவும் முடியும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் வேறு கணக்கு. மெல்லிய வலை கட்டிய சட்டத்தின் வழியே மையைத் துணிமேல் தள்ளி அச்சிடுவது இது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் தயாரிக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வேறு வேறு டிசைன், தலா மூன்று நிறம் என்றால் 6 சட்டம். இருநூறு பேருக்கு அடித்தால் அந்தச் செலவு ஆளுக்கு வந்து விழுவது கண்ணுக்கே தெரியாது. 11 பேருக்கு அடித்தால் நன்றாகவே தெரியும். பிறகு ஒரே ஒருவருக்காக மறுபடி சட்டம் ஏற்றச் சொன்னால் யாரும் விருப்பத்தோடு செய்ய மாட்டார்கள்.

எங்கள் முதல் ஜெர்சி இந்த வழியில் வந்ததுதான். கடையில் கிடைத்த சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சிகளை வாங்கினோம். செலவு குறையட்டும் என்று ஒரே நிறம், வெள்ளை எழுத்து. கையில் வந்த அன்று பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வாரம் ஒருவர், "என் சட்டையில் எழுத்து ரோஸாகத் தெரிகிறதே" என்று படம் அனுப்பினார். துவைக்கும்போது சாயம் ஒட்டியிருக்கும் என்று நினைத்தோம். ஒரு மாதத்துக்குள் எல்லாச் சட்டையிலும் அதே கதை.

காரணம் பின்னாலேதான் தெரிந்தது. சிவப்புப் பாலியஸ்டர் துணியில் இருக்கும் நிறமும் சப்ளிமேஷனில் பயன்படும் அதே குடும்பத்துச் சாயம். ஸ்கிரீன் பிரிண்டில் சாதாரணமாகப் பயன்படுத்தும் பிளாஸ்டிசால் மை கெட்டிப்பட 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துணியின் சிவப்பும் கிளம்பி, மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் ஏறிவிடுகிறது. உடனே தெரியாது, நாட்கள் போகப் போக மேலே வரும். ஜெர்சியை அழகாக்கும் அதே இயற்பியல்தான் எங்கள் எழுத்தைக் கெடுத்தது. குறைந்த சூட்டில் கெட்டியாகும் மை உண்டு, அடியில் தடுப்புப் பூச்சு போடும் முறையும் உண்டு. அச்சடித்தவர் அதைச் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. சிவப்பு, மெரூன், அடர்நீலம் போன்ற பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து போட நினைப்பவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. பெரிய எழுத்துக்கு அடியில் முதுகு மூச்சுவிடவில்லை. துணி இழுபட்டுச் சுருங்குவதால் மையில் மெல்லிய விரிசல் விழுந்தது. சைக்கிள் ஜெர்சிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிகழ்ச்சி நாளில் எல்லாருக்கும் கொடுக்கும் பருத்தி டிசர்ட்டுக்கு அது அருமையான முறை. இந்த வேலைக்கு அது ஏற்றதில்லை.

மூன்றாவது, வினைல். நிற வினைல் தாளில் எழுத்தை இயந்திரம் வெட்டும். சுற்றியிருக்கும் தேவையில்லாத பகுதியைக் கையால் உரித்து எடுத்துவிட்டு, ஹீட் பிரஸ்ஸில் சில விநாடிகள் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சட்டம் தயாரிக்கும் செலவு இல்லை என்பதால் ஒரே ஒரு சட்டைக்கும் செய்யலாம். பெயர், எண், சின்ன லோகோ இவற்றுக்கு நல்லது. முதுகு முழுக்க ஒட்டினால் பிளாஸ்டிக் பை போட்ட மாதிரி இருக்கும்.

டிடிஎஃப் என்று இப்போது பரவலாகிவிட்ட முறையும் இதன் உறவுதான். ஒரு மெல்லிய பிலிமில் பல நிறங்களையும் வெள்ளையையும் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, அதைத் துணியில் ஒட்டுவார்கள். எந்த நிறத் துணியிலும் போடலாம், வெட்டி உரிக்கும் வேலை இல்லை. படலம் படலம்தான், அதனால் உள்ளங்கை அளவுக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். சிவப்புத் துணியில் வெள்ளை போடும் பிரச்சினை இவை இரண்டிலும் வரலாம். சாயத்தடுப்பு உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது மஞ்சள், வெளிர்ப்பச்சை மாதிரி வெளுத்த நிறச் சட்டையில் கறுப்பு எழுத்து போட்டுவிட்டால் கவலையே இல்லை. எம்பிராய்டரி பற்றியும் சிலர் கேட்பார்கள். மெல்லிய துணியைச் சுருக்கிவிடும், உள்பக்கம் தோலில் உரசும். விட்டுவிடலாம்.

இனி, எங்கே, எப்படி வாங்குவது

ஐந்தாறு பேர் மட்டும் உள்ள குழுவுக்கு என் பரிந்துரை, கடையில் கிடைக்கும் வெற்று ஜெர்சியை வாங்கி, மார்பில் ஒரு சின்ன லோகோவும் தோள்பட்டைக்குக் கீழே குழுப் பெயரும் ஒட்டிக்கொள்வது. வெட்டும் தையலும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவை, போட்டுப் பார்த்து வாங்கலாம், குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. புதிதாக வருபவர் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளலாம். ஆபத்து ஒன்று உண்டு: அந்த நிறமோ அந்த மாதிரியோ அடுத்த வருடம் வராமல் போகலாம். அதனால் வருடக்கணக்காக மாறாமல் வரும் எளிய வகையாகப் பார்த்து எடுங்கள். முடிந்தால் வெற்றுச் சட்டை இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒட்டும்போது பாக்கெட் மேலோ ஜிப் ஓரத்திலோ வைக்க வேண்டாம். தையல் மேடுபள்ளத்தில் பிரஸ் சரியாகப் படியாது, அந்த இடம்தான் முதலில் உரியும்.

அடுத்த வழி, கால்பந்து, கைப்பந்து அணிகளுக்குச் சட்டை தைப்பவர்களிடம் சப்ளிமேஷனில் அடிப்பது. முழு டிசைன் வேண்டும், காசும் குறைவாக வேண்டும் என்றால் இதைவிட மலிவு கிடைக்காது. ஆனால் வருவது பாக்கெட் இல்லாத, முன்பின் ஒரே நீளமுள்ள, தளர்வான சட்டை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு, சீட்டுக்கு அடியில் பை மாட்டியிருப்பவர்களுக்கு, இது தாராளமாகப் போதும். நீண்ட தூரம் போகிறவர்களுக்குப் போதாது. சிலர் அதே சட்டையில் பின்பாக்கெட் வைத்துத் தரச் சொல்வார்கள். பாக்கெட் தைப்பது கஷ்டமில்லை. பாரத்தைத் தாங்க வேண்டியது சட்டையின் இறுக்கமும் கீழ் விளிம்பின் பிடிப்பும் என்பதால், தளர்ந்த சட்டையில் தைத்த பாக்கெட் தொங்கத்தான் செய்யும். தைப்பவரிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய சைக்கிள் ஜெர்சியைக் கொடுத்து அதன் வெட்டையே பின்பற்றச் சொன்னால் நிலைமை மாறலாம். ஆனால் அப்போது ஒரு சாம்பிள் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்கக் கூடாது.

இந்த வழியில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "துணியில் அடித்துவிட்டுத் தைப்பீர்களா, தைத்த சட்டையில் அடிப்பீர்களா?" தைத்த வெள்ளைச் சட்டையை அப்படியே பிரஸ்ஸில் வைத்தால் மடிப்புகளுக்குள் சாயம் போகாது. அக்குளிலும் தையல் ஓரங்களிலும் வெள்ளைக் கோடுகள் நிற்கும். கையைத் தூக்கினால் தெரியும். துண்டுதுண்டாக அச்சிட்டு, வெட்டி, பிறகு தைப்பதே சரியான முறை.

பத்துப் பேருக்கு மேல் என்றால், சைக்கிள் ஜெர்சியையே தொழிலாகச் செய்பவர்களிடம் போவதுதான் நல்லது. எங்கள் இரண்டாவது ஜெர்சி அப்படி வந்தது. இவர்களிலும் இரண்டு வகை ஆர்டர் உண்டு. வெற்றுத் தாளிலிருந்து புது டிசைன் வரையச் சொல்வது ஒன்று. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிசைன்களில் ஒன்றை எடுத்து நிறத்தை மாற்றி, நம் பெயரையும் லோகோவையும் சேர்ப்பது இன்னொன்று. சின்னக் குழுவுக்கு இரண்டாவதே சரி. டிசைன் செலவு மிச்சம், திருத்தத்துக்குப் போகும் நாட்களும் மிச்சம். முக்கியமாக, ஜிப், பாக்கெட், பக்கத் தையல் எங்கே வரும் என்று தெரிந்தவர் வரைந்த கோடுகள் அவை.

விலையைப் பேசும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் எத்தனை? மறு ஆர்டருக்கு எத்தனை? நம் டிசைன் ஃபைலை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? முதல் ஆர்டர் 10 என்று சொல்பவர் மறு ஆர்டரும் 10 என்றால், புதிதாகச் சேர்ந்த ஒருவருக்காக இன்னும் ஒன்பது பேரைத் தேட வேண்டிவரும். மறு ஆர்டர் ஒன்றோ இரண்டோ போதும் என்பவர் முதலில் கொஞ்சம் அதிகம் சொன்னாலும் அவரிடமே போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அதே விலைப்பட்டியலில் துணி ரகம், ஜிப் ரகம் என்று பல படிகள் இருக்கும். பணம் போட வேண்டியது முழுநீள ஜிப்பிலும் கீழ் விளிம்புப் பிடிப்பிலும். மெலிந்த அரை ஜிப் பல் நழுவினால் சட்டையே போச்சு. காற்றைக் கிழிக்கும் துணி என்று சொல்லி ஏற்றும் விலையை அமெச்சூர் குழு கொடுக்க வேண்டியதில்லை. வெட்டிலும் ரேஸ் ஃபிட் (உடம்போடு இறுகப் பிடிப்பது), கிளப் ஃபிட் (கொஞ்சம் தளர்வானது) என்று இரண்டு இருக்கும். கிளப் ஃபிட் எடுத்தால் எல்லா உடல்வாகுக்கும் ஒத்துவரும்.

தூர நாட்டுத் தொழிற்சாலைகளில் இணையம் வழியாக நேரடியாக அடித்து வாங்கும் வழியும் உண்டு. காகிதத்தில் அதுதான் மிகக் குறைந்த விலை. அதனுடன் அனுப்பும் செலவு, சுங்க வரி, காத்திருக்கும் வாரங்கள், தவறாக வந்தால் திருப்ப முடியாத நிலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நம் பெயர் அச்சான சட்டையை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஒரு சாம்பிளுக்குத் தனியாகப் பணம் கொடுத்து வரவழைக்கப் பொறுமை இருந்தால் மட்டும் போகலாம்.

டிசைனில் நாங்கள் பட்ட பாடு

இரண்டாவது முறை குழுப் பெயரைத் தமிழிலேயே போட முடிவு செய்தோம். பெயரில் ஒரு 'கோ' இருந்தது. வந்த மாதிரிப் படத்தில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது, துணைக்கால் அதற்கும் அப்பால். புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி தனியே நகர்ந்து ஒரு வட்டத்தின் மேல் நின்றது. வரைபவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு அது சரியாகவே பட்டிருக்கும். டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சேர்க்கும் வசதி இயக்கப்படாதபோது இப்படி ஆகும். தீர்வு எளிது. எழுத்தாக அனுப்பாதீர்கள். நீங்களே சரியாகத் தட்டச்சு செய்து, எழுத்துருவை வடிவக் கோடுகளாக மாற்றி, வெக்டர் ஃபைலாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கோட்டு வடிவமாக அனுப்புங்கள். அதன் பிறகு அது வெறும் படம். யார் கணினியிலும் குலையாது. லோகோவும் வெக்டராகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முதுகில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மார்பின் நடுவில் பெயர் போட்டால் ஜிப் அதை இரண்டாகப் பிளக்கும். திறந்து ஓட்டும்போது பாதிப் பெயர் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இடது மார்பில் சின்னதாக வைப்பதே நல்லது. முதுகில் பாக்கெட்டுக்கு மேலே இருக்கும் பகுதிதான் பின்னால் வருபவர் கண்ணில் படுவது, பெயருக்கு அதுவே இடம். பாக்கெட் தனித்துண்டு, அதில் எழுத்து போட்டால் சாமான் நிரம்பியதும் உப்பிப்போகும்.

திரையில் பார்த்த நிறம் துணியில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். நீலம் குறிப்பாக ஊதாப் பக்கம் சாயும். அதே துணியில் அடித்த ஒரு துண்டு மாதிரியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு பகலில் அபாரமாகத் தெரியும். அந்த ஒளிர்வு சூரியனின் புற ஊதாக் கதிரால் வருவது, அதனால் இரவில் அதை நம்ப முடியாது. விடியலுக்கு முன் கிளம்புகிறவர்கள் பாக்கெட் விளிம்பில் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை அதிகமுள்ள டிசைனைத் தவிர்த்துவிடுங்கள், நனைந்தால் உள்ளே தெரியும்.

அளவு எடுப்பதில்தான் அதிகச் சண்டை வரும். எஸ், எம், எல் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. போட்டுப் பார்க்க அளவுச் சட்டைகள் அனுப்புவார்கள் என்றால் கட்டாயம் வரவழையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஜெர்சியைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளந்து சொல்லட்டும். 48 சென்டிமீட்டர் வந்தால் சட்டையின் மார்புச் சுற்று 96. அதை அளவுப் பட்டியலோடு ஒப்பிடும்முன், பட்டியலில் இருப்பது சட்டையின் அளவா உடம்பின் அளவா என்று கேட்டுவிடுங்கள். இறுகப் பிடிக்கும் சட்டை என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பெண்களுக்குத் தனி வெட்டு உண்டா என்பதையும் விசாரியுங்கள். ஆண்கள் வெட்டிலேயே சின்ன சைஸ் எடுத்துக்கொள்ளச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தோள் தளரும், இடுப்பு இறுகும்.

பணத்தை ஆர்டருக்கு முன்பே முழுதாக வசூலித்துவிட வேண்டும். கையில் காசு வராத பெயர் பட்டியலில் ஏறக் கூடாது. சட்டை வந்த பிறகு கேட்டால் நட்பு கெடும், ஒருங்கிணைத்தவர் கைக்காசு போகும்.

துவைப்பது சுலபம். ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையை அது அடைத்துவிடும். ஒட்டிய எழுத்து இருந்தால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது.

இரண்டாவது ஆர்டரில் 11 பேருக்கு 13 சட்டை அடித்தோம். இரண்டும் குழுவில் அதிகம் பேர் போடும் மீடியம் அளவு, பெயர் போடாமல். அந்தச் செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துப் புதிதாக ஒருவர் வந்தார். மூன்றாவது ஞாயிறு அவர் எங்களோடு எங்கள் ஜெர்சியில் ஓட்டினார். அதன் பிறகு வந்த இன்னொருவருக்கு எல் தேவைப்பட்டது. பழைய ஃபைலிலிருந்தே ஒரே ஒரு சட்டை அடித்து வந்தது. மிச்சமிருக்கும் மீடியம் இன்னும் உறை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.